பட்டியலில் இருந்த பாட்டு போனுக்கு வரவில்லையா? தேடிப் பிடிக்கும் வழி

கணினியில் 120 பாடல்கள் கொண்ட பிளேலிஸ்ட். போனில் திறந்தால் 87 மட்டுமே. மீதி 33 எங்கே போயின என்று எந்தச் செய்தியும் வராது. அதுதான் இதில் பெரிய தொல்லை. என் அம்மா கேட்பதற்காகப் பல வாரங்கள் பார்த்துப் பார்த்துத் தொகுத்த பட்டியலுக்கு இப்படி நேர்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று தேடித் தேடிக் கற்றதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பிளேலிஸ்ட்டுக்குள் பாட்டு கிடையாது. எம்3யூ என்ற பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்தப் பாட்டு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரிகள்தான் வரிவரியாக இருக்கும். அதை மட்டும் நகலெடுத்தால் முகவரிதான் போகும், பாட்டு போகாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பாட்டே போனுக்கு வரவில்லையா, வந்தும் பட்டியலின் கண்ணில் படவில்லையா?

படி 1: எது என்று பிரித்தறிதல்

போனில் உள்ள கோப்பு மேலாளர் செயலியைத் திறந்து, காணாமல் போன பாடல்களில் ஒன்றின் பெயரைத் தேடுங்கள். பாட்டுச் செயலியில் தேட வேண்டாம். அது தான் அறிந்த பாடல்களை மட்டுமே காட்டும். கோப்பு கிடைக்காவிட்டால் படி 2. கிடைத்தால் நேராகப் படி 3.

படி 2: பாட்டே வரவில்லை என்றால்

கணினியில் அந்தப் பாட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எப்போதோ கோப்புறையை இடம் மாற்றியிருந்தால் அங்கேயே ஓடாது. ஆப்பிளின் பாட்டுச் செயலியான ஐடியூன்ஸில் பாட்டின் பெயருக்கு அருகே ஆச்சரியக்குறி தெரிந்தால் அதற்குப் பொருள் இதுதான். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் கோப்புறையில் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் கோப்பு இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது. முதலில் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் பதிவிறக்கிய பாடல்களை வெளியே எடுக்க வழியில்லை. அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனின் உள் சேமிப்பில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. ‘கி’ என்பதில் ‘க’ ஒன்று, ‘ி’ ஒன்று என இரண்டு குறியீடுகள். அதற்கே 6 பைட்டுகள் போய்விடும். பாட்டு, பாடியவர், இசையமைத்தவர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே சேர்த்து எழுதினால் விண்டோஸ் ஏற்கும், போன் ஏற்காது. பெயரைச் சுருக்கி மறுபடி நகலெடுங்கள்.

படி 3: பாட்டு இருக்கிறது, பட்டியலில் மட்டும் இல்லை

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான், எனவே நிதானமாகச் செய்யுங்கள். பட்டியல் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு நோட்பேடில் திறவுங்கள். வரிகள் இப்படி இருக்கும்:

சி:\பாடல்கள்\மாலை\முதல் பாட்டு.எம்பி3

போனில் ‘சி’ என்ற டிரைவே கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கும்? பெயருக்கு முன்னால் உள்ள ‘சி:\பாடல்கள்\மாலை\’ என்ற பகுதியைத் தேடி நீக்கும் வசதியால் எல்லா வரிகளிலும் ஒரே நேரத்தில் அழித்துவிடுங்கள். ‘முதல் பாட்டு.எம்பி3’ மட்டும் மீந்தால் போதும். பிறகு பட்டியலையும் பாடல்களையும் போனில் ஒரே கோப்புறையில் வையுங்கள். உள்கோப்புறைகள் இருந்தால் ‘\’ என்பதை ‘/’ ஆக மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றனவா? பழைய எழுத்துக் குறியாக்கத்தில் பட்டியல் சேமிக்கப்பட்டிருக்கிறது. கணினிச் செயலியிலிருந்து எம்3யூ8 வடிவில் மறுபடி ஏற்றுமதி செய்தால் சரியாகும். அது யூடிஎஃப்-8இல் எழுதப்படுவது.

எனக்குத் தமிழ்ப் பெயர் கொண்டவை இரண்டே இரண்டு என்பதால் கையாலேயே தட்டச்சு செய்தேன். மற்ற 31 பாடல்களும் வந்துவிட்டன. இந்த இரண்டு மட்டும் வரவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் பிழை தெரியவில்லை. இரண்டு பெயர்களிலும் ‘கொ’ இருந்தது. ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அந்த இரண்டு பாடல்களும் அப்படி ஒரு கணினியிலிருந்து வந்தவை. கண்ணுக்கு ஒன்று, போனுக்கு வேறு. கோப்பின் பெயரையே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டினேன், உடனே வந்தன. தட்டச்சு செய்யாதீர்கள், ஒட்டுங்கள்.

படி 4: போனின் பக்கம் பார்க்க வேண்டியவை

நகலெடுத்த கையோடு பாட்டு தெரியாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கோப்புகளை மறுபடி கணக்கெடுக்கும். கோப்புறைக்குள் ‘.நோமீடியா’ என்ற வெற்றுக் கோப்பு இருந்தால் அந்தக் கோப்புறையையே ஆண்ட்ராய்டு கணக்கில் சேர்க்காது, அதை நீக்குங்கள். சில செயலிகள் மிகக் குறுகிய பாடல்களை மறைத்துவிடும், அமைப்புகளில் அதை அணைக்கலாம்.

டபிள்யூஎம்ஏ என்ற ஒலி வடிவக் கோப்புகள் ஆண்ட்ராய்டின் இயல்பான வடிவங்களில் இல்லை. எம்பி3 ஆக மாற்றுங்கள், அல்லது விஎல்சி செயலியில் கேளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐடியூன்ஸில் பாட்டுக்கு முன்னுள்ள கட்டத்தில் டிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறியிட்ட பாடல்களை மட்டும் ஒத்திசைக்கும் அமைப்பு இயங்கினால் குறியில்லாதவை போகாது. ஆப்பிள் மியூசிக்கின் நூலக ஒத்திசைவு இயங்கும்போது கேபிள் வழியாகப் பாடல்களை ஒத்திசைக்கவும் முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஓரிரு பாடல்கள் அடம்பிடித்தால் பட்டியல் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பாடல்கள் போனில் இருந்தால் போதும்; பாட்டுச் செயலியிலேயே அவற்றை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, அதே பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள்.