மயூர் விஹாரிலிருந்து ஓக்லா வரை: யமுனைக் கரையில் சைக்கிளில் ஒரு காலை

தில்லிக்கு வந்த புதிதில் யமுனையை மெட்ரோ ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அதன் கரையில் பாலக் கீரைப் பாத்திகளும் முள்ளங்கி வயல்களும் உண்டு என்று காட்டியது சைக்கிள்தான். முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் டயர். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இந்த மண் பாதைக்கு ஆகாது. 35 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். வழி முழுக்கச் சமதளம் என்பதால் கியருக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கைப்பம்பு ஒன்றும் உபரி டியூப் ஒன்றும் வாங்குங்கள்.

பிப்ரவரிதான் என் தேர்வு. மூடுபனி விலகியிருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. மயூர் விஹார் பேஸ் 1-இல் உத்தர குருவாயூரப்பன் கோயிலருகே விடியும்போதே கிளம்புங்கள். நொய்டா இணைப்புச் சாலையை இறங்கி, தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். அதற்கு அப்பால் ஆறு வரைக்கும் வயல்தான். இங்குள்ளவர்கள் அதைக் காதர் என்பார்கள். வரப்பில் ஏற்றாமல் வண்டித் தடத்திலேயே ஓட்டுங்கள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பாதையோரமெல்லாம் சீமைக் கருவேலம், நம் ஊரில் பார்த்த அதே மரம். முள் குத்திக் காற்று இறங்கியது. டியூபை மாற்றினேன், கால் மணி நேரத்தில் அதுவும் போயிற்று. முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நின்றிருக்கிறது! ஆகவே, புது டியூபைப் போடுமுன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பருத்தித் துணியால் துடைத்து வாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும். விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும். வெளியிலிருந்து பிடுங்க வராத முள்ளை உள்ளிருந்து சிறு இடுக்கியால் இழுத்துவிடலாம். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள்.

பிறகு சாலைக்குத் திரும்பி, ஆறு வலக்கைப் பக்கம் இருக்கும்படி தெற்கே போனால் சில்லா எல்லை, நொய்டா, அப்புறம் ஓக்லா பறவைகள் சரணாலயம். தடுப்பணை தேக்கிய நீரால் உருவான இந்தச் சதுப்பு நிலம் 1990-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடப்பதே என் வழக்கம். சைக்கிள் சத்தத்துக்கு நீலத் தாழைக்கோழி நாணலுக்குள் போய்விடும். நின்று பார்ப்பவருக்குத் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் கிடைக்கும்.

பின்சேர்க்கை: முள்ளை எடுத்த பிறகும் புது டியூப் கிழிந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். டயர் லீவரால் நெம்பும்போது டியூபும் சேர்ந்து நசுங்கியிருக்கும். உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் முதலில் காற்றடியுங்கள்; டயர் விளிம்பின் கடைசி ஒரு சாண் நீளத்தை லீவர் இல்லாமல் கட்டை விரல்களால் தள்ளி ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியபோது நான் சொன்ன வயல்தடம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. வெள்ளம் இல்லாத ஆண்டிலும் அந்த வண்டலில் சக்கரம் புதைந்துவிடும். அக்டோபர் கடைசி வரை பொறுத்திருங்கள்.