பழைய சுண்ணாம்புக் கட்டடத்தைக் குடியிருப்பாக்கும்போது

பாரம்பரியக் கட்டடமாகப் பதிவாகியிருந்தால், ஒரு செங்கல்லைப் பெயர்க்கும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

விரிசலைப் பார்த்ததும் பூசி மூட வேண்டாம். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஜிப்சம் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியும் உடையவில்லை என்றால், அது எப்போதோ நின்றுபோன விரிசல். உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது; பொறியாளர் பார்க்கும்வரை மேலே பாரம் ஏற்றக் கூடாது.

இந்தக் கட்டடங்களைக் கெடுப்பதில் சிமென்ட் பூச்சுக்கே முதலிடம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சின் வழியே ஆவியாக வெளியே விடும். அந்த வழியைச் சிமென்ட் அடைத்துவிடுகிறது. ஓதம் இன்னும் மேலே ஏறும். அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைத் துகளாக்கும். தட்டிப் பாருங்கள்: பொள்ளென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சிமென்ட்டை உளியால் கவனமாக எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிடுங்கள். அவசரப்பட்டால் வேலை இரட்டிப்பாகும். பிறகு நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, மண் கலக்காத சலித்த மணல் 3 பங்கு கலந்து பூசுங்கள். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சட்டென்று காய்ந்தால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாக உதிரும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

கூரையைத் தாங்கும் மர உத்தரங்களில் சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த முனையை மட்டும் வெட்டி, புது மரம் சேர்த்து எஃகுத் தகடும் போல்ட்டும் கொண்டு இணைக்கலாம்.

சமையலறை, கழிப்பறைகளைப் பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டும் பகுதிக்குக் கொண்டுபோவதே நல்லது. பழைய சுவரில் குழாய் பதிக்கக் காடி (நீளப் பள்ளம்) வெட்டியே ஆகவேண்டுமென்றால், செங்குத்துக் காடி சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. அதனால் தண்ணீர்த் தொட்டியையும் பழைய சுவர் மேல் வைக்காமல் புதுத் தூண்கள் மேல்தான் வைக்க வேண்டும்.

புதுக் கட்டடம் பழையதன் மேல் சாயக் கூடாது. அதற்குத் தனி அஸ்திவாரம் போடுங்கள். பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே அதையொட்டித் தோண்டினால் பழைய சுவர் சரியும். தவிர்க்கவே முடியாதென்றால் பொறியாளர் மேற்பார்வையில் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டுங்கள். புதுக் கட்டடம் முதல் சில ஆண்டுகள் கொஞ்சம் இறங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அதை மூடும் தகட்டைப் பழைய சுவரின் காரை மூட்டில் மட்டும் செருகிப் பொருத்துங்கள், மறுமுனை புதுச்சுவர் மேல் சும்மா கிடக்கட்டும். இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டால் முதல் அசைவிலேயே தகடு கிழிந்து, மழைநீர் நேராக அந்த இடுக்கில் இறங்கும்.