டூரிங் பைக்கில் சீட், பேக்ரெஸ்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 350 கிலோமீட்டர். சீட் சரியில்லை என்றால் பாகோ ஓய்விடத்தைத் தொடும் முன்பே இடுப்பு சொல்லிவிடும். ஆனாலும் பலர் வொர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து, "நல்லா மெத்துன்னு இருக்கு" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

மென்மையான ஃபோம் முதல் அரை மணி நேரம் இதமாக இருக்கும். பிறகு எடை தாங்காமல் நசுங்கி, பின்பக்க எலும்புகள் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டில் அழுந்தும். அடியில் கெட்டியான ஃபோம், மேலே 10 முதல் 15 மி.மீ. மென்மையான அடுக்கு என்று கேளுங்கள். வடிவம் அதைவிட முக்கியம். உட்காரும் இடம் அகலமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். டாங்க் பக்கம் ஒடுங்க வேண்டும். முன்னோக்கிச் சரிந்த சீட்டில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டாங்க்கில் போய் இடிப்பீர்கள்.

ஃபோமைச் செதுக்கியதும் புது உறையைத் தைக்க விடாதீர்கள். பழைய உறையை நாலைந்து ஸ்டேப்பிளில் பிடித்து, இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு திருத்தம் சொல்லுங்கள். உயரத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். 20 மி.மீ. கூடினாலே சிலருக்குக் குதிகால் தரையில் படாது. பின்னால் ஆளும் பெட்டியும் இருக்க, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் காலால் தள்ளித் தள்ளி நகரும்போது அது ஆபத்து. ஓட்டும்போது போடும் பூட்ஸோடுதான் சோதிக்க வேண்டும்.

நம் ஊர் மழைக்கு, உட்காரும் இடத்தின் நடுவே தையல் வரவே கூடாது. ஊசித் துளை வழியே நீர் இறங்கி ஃபோம் ஊறிவிடும். தையல் ஓரத்தில் வரட்டும். உறைக்கு அடியில் நீர்புகாத ஷீட், பாலியஸ்டர் நூல், துருப்பிடிக்காத ஸ்டேப்பிள் போதும். வெயிலில் நிறுத்துபவர்களுக்கு ஜெல் பேட் வேண்டாம். சூடேறினால் லேசில் ஆறாது.

பேக்ரெஸ்ட்டில் நடக்கும் தவறு இன்னும் மோசம். டாப் பாக்ஸ் (பைக்கின் பின்னால் மாட்டும் பெட்டி) மூடியில் ஒட்டிய பேட் முதுகு லேசாகப் படுவதற்கு மட்டுமே. முழு எடையோடு சாய்ந்தால் அந்தப் பாரம் பிளாஸ்டிக் பூட்டிலும் கீலிலும் விழும். பேக்ரெஸ்ட்டின் பிராக்கெட் சப்ஃபிரேமில், அதாவது சீட்டைத் தாங்கும் பின்பக்க உலோகச் சட்டத்தில், நேரடியாகப் பிடிக்க வேண்டும். பிராக்கெட் 5 மி.மீ. தடிமன் என்றால், பழைய போல்ட்டையே போடும்போது உள்ளே 5 மி.மீ. மரை குறைகிறது. எம்8 போல்ட் (8 மி.மீ. விட்டம்) எஃகில் குறைந்தது 8 மி.மீ., அலுமினியத்தில் 12 மி.மீ. உள்ளே போக வேண்டும். அளவுக்கு மீறி நீண்டால் மட்கார்டிலோ வயரிலோ உரசும். 8.8 வலிமைத் தர போல்ட், மரை தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக்கர் பசை, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்க அளவு) போதும். 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு பார்வை.

பேட் பின்னிருக்கைக்காரரின் கீழ்முதுகில் பட வேண்டும். மிகவும் முன்னே வந்தால் அவர் உங்களைத் தள்ளுவார், நீங்கள் டாங்க்கில் ஏறுவீர்கள். இருவரும் உட்கார்ந்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். போல்ட்டை இறுக்கும் முன் சீட் கழல்கிறதா, டாப் பாக்ஸ் முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியும் டூல்கிட்டும் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் பேக்ரெஸ்ட்டையே கழற்ற வேண்டிவரும்.

ஒரிஜினல் சீட்டை வெட்டாதீர்கள். பழைய சீட் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யுங்கள். பைக்கை விற்கும்போது ஒரிஜினல் கைகொடுக்கும். சப்ஃபிரேமை வெட்டவோ வெல்டிங் செய்யவோ சொல்லும் கடையை விட்டு வெளியேறுங்கள். மற்ற மாற்றங்களுக்கு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.