கெராச்சுட்டில் டென்ட் போடப் போகிறவர்களுக்கு

பினாங்கில் சத்தமில்லாத கடற்கரை வேண்டுமென்றால் பத்து ஃபெரிங்கி கடற்கரையோடு நின்றுவிடக் கூடாது, தெலுக் பஹாங் வரை போய் அங்கிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். அதுதான் பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது, அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்தது. உள்ளே இருக்கும் பந்தாய் கெராச்சுட்டில் முன்னால் கடல், மணலுக்குப் பின்னால் ஏரி. ஆனால் நீந்துவதுதான் உங்கள் முதல் ஆசை என்றால் வேறு இடம் பாருங்கள். இங்கே நடக்கவும் ராத்தங்கவும்தான் வர வேண்டும்.

கார் இல்லையென்றால் ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ ஜெட்டியிலிருந்து கொம்தார் வழியாக வரும் 101 பஸ் போதும். சனி ஞாயிறில் ஃபெரிங்கி சாலை நெரிசலில் ஊர்ந்துதான் போகும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் தெலுக் பஹாங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) தாப்பாவ், அதாவது பார்சல், செய்துகொண்டால் மதியக் கவலை தீர்ந்தது. வாசலில் உள்ள அலுவலகத்தில் பெயர் பதிந்து, டென்ட் போட அனுமதியும் அங்கேயே கேட்க வேண்டும், ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். பெரிய மழைக்குப் பிறகு பாதையை மூடிவிடுவது உண்டு, முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது.

ஆரம்பத்தில் கடலை ஒட்டிய சுலபமான நடை. பாலம் வரும் இடத்தில் பாதை பிரியும்: கரையோடு போனால் தெலுக் டுயோங் கடற்கரை, அதையும் தாண்டி ஏறினால் 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம்; இடது பக்கம் மேட்டில் ஏறினால் கெராச்சுட். சும்மா நடந்தால் ஒன்றரை மணி நேரம், முதுகில் டென்ட்டும் தண்ணீரும் இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். ஏற்றம் கூடப் பரவாயில்லை, மறுபக்கம் இறங்கும்போது வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், மழை பெய்திருந்தால் அதில்தான் ஆள் வழுக்குவார். செருப்பில் போகாதீர்கள். நடைக்கு மட்டுமே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

காடு முடிகிற இடத்தில் பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள், அதுதான் அந்த ஏரி. மேலே ஓடைகளிலிருந்து வரும் நல்ல தண்ணீர், அடியில் கடலிலிருந்து ஏறிய உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியிலேயே தங்கிவிடுகிறது, இரண்டும் கலப்பதில்லை. மேலே குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு. இப்படிப்பட்ட ஏரி உலகத்திலேயே குறைவு, ஆனால் வெயில் காலத்தில் போனால் ஏரியைக் காணோமே என்பீர்கள், வெறும் ஈர மணல்தான் கிடக்கும். தண்ணீரோடு பார்க்க மழைக்காலம்தான் சரி, அதாவது ஏப்ரல், மே அல்லது செப்டம்பருக்கு அப்புறம். எப்போது போனாலும் அதில் இறங்க வேண்டாம்.

கடலுக்கு வருவோம். இங்கே கரை சட்டென்று சரியும், இழுப்பும் உண்டு. அதைவிடப் பயப்பட வேண்டியது ஜெல்லிமீன். பினாங்கின் வடக்குக் கரையில் பெட்டி ஜெல்லிமீன் வகைகளும் இருக்கின்றன, பட்டால் எரிச்சலோடு போகாது, சில நேரம் மூச்சே திணறும். அதனால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதற்கும் பையில் ஒரு பாட்டில் வினிகர் இருக்கட்டும்: பட்ட இடத்தில் தேய்க்காமல் வினிகரை நன்றாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

டென்ட்டை அலை ஏறும் கோட்டுக்கு மேலே, காய்ந்த கிளை தொங்காத மரத்தடியாகப் பார்த்துப் போடுங்கள். சாயங்காலம் அகாஸ் கிளம்பும், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிய பூச்சி, கடித்தால் ஒரு வாரம் சொறிய வைக்கும். முழுக்கை சட்டையும் நீளக் கால்சட்டையும்தான் மருந்து. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான், எதையும் வெளியே வைக்காதீர்கள்.

இந்தக் கரையில் ஆமைகள் முட்டையிட வரும். பச்சை ஆமை பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. கரையிலேயே காப்பகம் இருக்கிறது, பகலில் எட்டிப் பாருங்கள், வேலி போட்ட மணலில் முட்டைகளைப் புதைத்துக் காவல் காக்கிறார்கள். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண் என்று அங்கே கேட்டால் விளக்குவார்கள். ராத்திரியில் கடல் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள், மணலில் தீ மூட்டாதீர்கள். வெளிச்சம் கண்டால் ஏற வந்த ஆமை அப்படியே திரும்பிவிடும். சத்தமாகப் பாட்டு வைக்கிற கோஷ்டிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

திரும்புவதற்குப் போட் வேண்டுமென்றால் போகும்போதே தெலுக் பஹாங்கில் விலை பேசி, போட்காரரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அலை பெரிதாக இருந்தால் அவர் வரமாட்டார், வற்புறுத்தாதீர்கள். அப்படியானால் மதியம் 2 மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள், காட்டுக்குள் 6 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். குப்பையை நீங்களேதான் தூக்கி வர வேண்டும், அதற்கு ஒரு காலிப் பை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.