பட்ஜெட் கேமிங் பிசி: நாமே அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

"அசெம்பிள் பண்ணினால்தான் லாபம்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். "அந்தத் தலைவலியே வேண்டாம், ரெடிமேடாக வாங்கி ப்ளக்கைச் சொருகி விளையாடு" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பெரும்பாலும் தாங்கள் வாங்கிய காலத்து நிலவரத்தைத்தான் சொல்கிறார்கள். 2021-ல் கிரிப்டோ மைனிங்கும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. அப்போது கார்டைத் தனியாகத் தேடி அலைவதைவிட, கார்டோடு சேர்த்து முழு பிசியாக வாங்குவதே பல சமயம் மலிவு. 2022-ல் கார்டு விலை இறங்கியது. அந்த வருடம் செப்டம்பரில், கார்டுகளை வைத்து நடந்துவந்த எத்தீரியம் கிரிப்டோ மைனிங்கும் நின்றுபோனது. அசெம்பிள் செய்வது மறுபடி லாபமானது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை எகிறியது.

ஆக, போன வருடப் பதில் இந்த வருடத்துக்கு உதவாது. கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது, அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெடிமேட் பிசியின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் எழுதாமல் விட்ட மூன்று நான்கு பாகங்கள்தான் அது தேறுமா தேறாதா என்பதைச் சொல்லும்.

படி 1: என்ன விளையாடப் போகிறீர்கள், எந்தத் திரையில்?

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டுதான் வரைந்தாக வேண்டும். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி மட்டுமே. பட்ஜெட் சிறியது என்றால் 1080பி போதும். 4கே ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

விளையாட்டின் வகையும் முக்கியம். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்த நல்ல ப்ராசஸர் தேவை, சாதாரண கார்டே தாங்கும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்டைப் பிழிந்து எடுத்துவிடும். அடுத்த ஒரு வருடத்தில் நிஜமாகவே விளையாடப் போகும் ஐந்து விளையாட்டுகளைத் தாளில் எழுதுங்கள். "எல்லாம்தான்" என்று எழுதினால் பட்ஜெட் கையை விட்டுப் போய்விடும்.

படி 2: முழுத் தொகையையும் எழுதுங்கள்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ் லைசென்ஸ் இவற்றில் எது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, எதை வாங்க வேண்டும்? வாங்க வேண்டியதை முதலில் கழித்துவிடுங்கள். ரெடிமேட் பிசியில் பெரும்பாலும் விண்டோஸ் சேர்ந்தே வரும். அசெம்பிள் கணக்கில் பலர் அதைச் சேர்க்க மறந்துவிட்டு "இவ்வளவு மிச்சம்" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

மீதமுள்ள தொகையை 100 பங்காக வையுங்கள். கேமிங்குக்கு என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு 35 முதல் 40 பங்கு, ப்ராசஸருக்கு 15 முதல் 20. மதர்போர்டுக்கு 10 பங்கு சொச்சம் போதும். ரேம், எஸ்எஸ்டி (விளையாட்டுகளைச் சேமிக்கும் இடம்), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட் நான்கும் மீதியைப் பங்கிட்டுக்கொள்ளும். இது சட்டமில்லை. ரேம் விலை ஏறியிருக்கும் காலத்தில் இந்தப் பங்கு குலையும். ஆனால் ப்ராசஸருக்கு 35 பங்கும் கார்டுக்கு 20 பங்கும் போயிருந்தால், அது வேறு வேலைக்கான பிசி.

படி 3: அசெம்பிள் பட்டியலைத் தயார் செய்யுங்கள்

கடைசியில் ரெடிமேடாகவே வாங்கினாலும் இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். இதுதான் ஒப்பிடுவதற்கான அளவுகோல்.

முதலில் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருத்தமான ஆறு கோர் (கணக்குப் போடும் மையம்) ப்ராசஸர் ஒன்று. பிறகு அந்த ப்ராசஸரின் சாக்கெட்டுக்கு (அது உட்காரும் இடம்) ஏற்ற மதர்போர்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 ரேம், ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14-வது தலைமுறைக்கு மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. டிடிஆர்4 குச்சி டிடிஆர்5 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

ரேம் 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து இயங்கும்போது மெமரிக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதை இரு மடங்கு அகலமாகிறது.

எஸ்எம்பிஎஸ் கணக்கு சுலபம். உதாரணத்துக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் மின் அளவு 115 வாட். ஐ5-12400எஃப் ப்ராசஸர் உச்சத்தில் 117 வாட். மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டிக்கு ஒரு 50 வாட் சேர்த்தாலும் 282 வாட்தான் வருகிறது. நல்ல தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். 750 வாட் என்று ஒட்டிய மட்டமான பெட்டியைவிட உண்மையான 550 எவ்வளவோ மேல். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி இருக்கின்றன என்று அது சொல்லாது. அதனால் குறிப்பிட்ட மாடலின் பெயரைப் போட்டு விமர்சனங்களைப் படியுங்கள்.

கடைசியில் எழுத்துகளைக் கவனியுங்கள். இன்டெல் ப்ராசஸர் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. "கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்ற திட்டம் இருந்தால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 வேண்டாம், உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள 5600ஜி எடுக்க வேண்டும்.

படி 4: ரெடிமேட் பிசியைக் காகிதத்தில் பிரித்துப் போடுங்கள்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். உங்கள் பட்ஜெட்டில் வரும் ஒரு ரெடிமேட் பிசியை எடுத்து, படி 3-ல் எழுதிய பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதன் பாகங்களை வரிசையாக எழுதுங்கள். விளம்பரத்தில் பெயர் இல்லாத பாகத்துக்கு நேராகக் கேள்விக்குறி போடுங்கள்.

"ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 1 டிபி, கிராபிக்ஸ் கார்டுடன்" என்று ஒரு விளம்பரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ7 என்பது பெயரில் பாதிதான். ஐ7-2600 என்பது 2011-ல் வந்த ப்ராசஸர்: நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். வேகத்தில் ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். போதாக்குறைக்கு, இன்டெலில் 8-வது தலைமுறைக்கு முந்தையவற்றை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வேலரன்ட் விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்த "ஐ7" முழு எண்ணோடு எழுதப்படாவிட்டால் அடுத்த வரிக்கே போகாதீர்கள்.

"1 டிபி" என்பது எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா? "16 ஜிபி" ஒரு குச்சியா, இரண்டா?

கார்டின் பெயரிலும் இதே விளையாட்டு உண்டு. ஜிடிஎக்ஸ் 1060 காலத்தில் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வந்தன. மெமரி மட்டுமல்ல, 3 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு: 1280-க்குப் பதில் 1152. பெயர் மட்டும் ஒன்றுதான். இன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வருகிறது. புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர்களை (பரப்புகளின் படத் தரம்) உயர்த்தி வைத்து 8 ஜிபி நிரம்பிவிட்டால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும், ஆட்டம் மட்டும் திக்கித் திக்கி நகரும். எந்த அளவு என்று எழுதாத விற்பனையாளர் பெரும்பாலும் சிறியதைத்தான் வைத்திருப்பார்.

இனி, கேள்விக்குறி விழுந்த வரிகள். அநேகமாக அவை மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான். விலையைக் குறைக்க வெட்டப்படுவதும் இந்த இரண்டில்தான். பெரிய நிறுவனங்களின் சில மாடல்களில் மதர்போர்டின் வடிவமும் மின் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் தரத்தின் 24 பின் இணைப்பு அதில் இருக்காது. நாளை எஸ்எம்பிஎஸ் போனால் வெளியே வாங்கிய எதுவும் பொருந்தாது. பெரிய கார்டு மாற்றலாம் என்றால் அதற்கான எட்டு பின் கேபிளே இருக்காது. எனவே வாங்கும் முன் இதை மட்டும் கேளுங்கள்: "மதர்போர்டு ஸ்டாண்டர்டு ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸா? எஸ்எம்பிஎஸ் எந்த மாடல்? உள்ளே திறந்த படம் அனுப்ப முடியுமா?" நல்ல விற்பனையாளருக்கு இதில் தயங்க ஒன்றுமில்லை.

படி 5: இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ரெடிமேட் பிசியில் உள்ள அதே பாகங்களை இன்றைய விலையில் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று கூட்டுங்கள். விண்டோஸையும் சேருங்கள். ரெடிமேட் மலிவாகவோ ஒரு 10 சதவீதம் வரை கூடுதலாகவோ இருந்து, பாகங்கள் எல்லாம் ஸ்டாண்டர்டு என்றால், கவலைப்படாமல் வாங்கலாம். அந்தக் கூடுதல் தொகைக்கு ஒரே இடத்து வாரண்டி கிடைக்கிறது. அசெம்பிள் செய்தால் பிசி ஓடாதபோது எந்தப் பாகம் பழுது என்று நீங்களே கண்டுபிடித்து, அந்தப் பாகத்தின் நிறுவனத்திடம் போக வேண்டும். முதல் பிசி வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அசெம்பிள் செய்யுங்கள். அந்தப் பணம் கார்டில் அடுத்த படிக்கே உங்களைக் கொண்டுபோகும். நடுவில் இருந்தால், மூன்று வருடம் கழித்து கார்டை மாற்றுவீர்களா என்று யோசியுங்கள். மாற்றுவேன் என்றால் அசெம்பிள்தான். மாற்றும் எண்ணமே இல்லை என்றால் எது சீக்கிரம் கைக்கு வருகிறதோ அது.

படி 6: நடுவழிகள் இரண்டு

பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, பூட்டும் வேலையை மட்டும் கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

பட்ஜெட் மிகவும் சிறியது என்றால், அலுவலகத்தில் ஓடிய பழைய பிசி ஒன்றை வாங்கி அதில் ஒரு சின்ன கார்டைச் சேர்ப்பது இன்னொரு வழி. 8-வது தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். கார்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் மின்சாரம் கிடைக்கும். அதற்குள் அடங்கி, தனி கேபிள் கேட்காத கார்டு வேண்டும்: ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவமோ, கேபிள் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650-யோ. கேபினெட் ஒல்லியாக இருந்தால் குட்டையான லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும், வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

படி 7: பூட்டும்போதும், பூட்டிய பிறகும்

அசெம்பிள் செய்வது ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மதிய நேர வேலை. வேலைக்கு நடுநடுவே கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் ப்ளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருக வேண்டும். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிளை இன்னொன்றில் போடவே கூடாது. வாய் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறும், எஸ்எஸ்டி கருகிவிடும்.

ஏஎம்5 போர்டில் முதல் தடவை பவர் போட்டால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமை அது பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

இனி வருவது அசெம்பிள், ரெடிமேட் இரண்டுக்குமே பொருந்தும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். பயாஸில் (பிசி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக ப்ரொஃபைலை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 வேக டிடிஆர்4 ரேம் 2133-லோ 2400-லோ ஊர்ந்துகொண்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144-ஐத் தேர்ந்தெடுங்கள், பல சமயம் அது 60-லேயே நிற்கும்.

திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் பிசியை நன்றாக வாட்டிப் பாருங்கள். இருப்பதிலேயே கனமான விளையாட்டை இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள், ஒரு இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். பாரம் ஏறும்போது பிசி பொட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது. மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் ப்ரொஃபைலை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானதை பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.