செக் எஞ்சின் விளக்கா? சென்சார் வாங்க ஓடாதீர்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியும்போது ஸ்கேனர் தரும் கோளாறு எண் (கோடு) காட்டுவது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதைத்தான், எந்தப் பாகம் போச்சு என்பதை அல்ல. உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் முதல் சந்தேகம் வயரையும் சென்சாரையும் இணைக்கும் கனெக்டர்மேல்தான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறைப் படிப்பதற்கான 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆனில் வைத்து, கோளாறு எண்ணையும், கோளாறு வந்த நேரத்து அளவுகளின் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பதெல்லாம் அப்புறம், இல்லையென்றால் தடயமே போய்விடும்.

உதாரணமாக பி0113 (P0113) என்ற எண் வந்தால், அது எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை சென்சார் சர்க்யூட். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில், அதாவது அந்த நேரத்து அளவுகளில், மைனஸ் 40 டிகிரி காட்டுகிறதா? சித்திரை வெயிலில், ராமநாதபுரத்தில்! அப்படியானால் வயர் அறுந்திருக்க வேண்டும், பின் தொடாமல் இருக்க வேண்டும், அல்லது சென்சாரே உள்ளுக்குள் விட்டிருக்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டு கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி, கிளிக் என்று விழும்வரை அழுத்துங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், முலாம் போய்விடும்.

இன்னமும் மைனஸ் 40 தானா? இரண்டு வயர் சென்சாராக இருந்தால், வயர் பக்கத்து கனெக்டரின் இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணையுங்கள். அளவு சட்டென்று மேலே ஏறினால் வயரிங் சரி, சென்சாரை மாற்றலாம். ஏறவில்லையென்றால் வயரைத் தேடுங்கள்.

ஆனால் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும், ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.