மோதிக்கொள்ள ஒரு ஃப்ளையிங் விங்: முதல் தடவை கட்டுபவர்களுக்கு

ரிமோட் விமானங்களை வானத்தில் வேண்டுமென்றே மோதவிடுவதுதான் காம்பாட். சின்ன வயதில் டீல் போட்டுக் காற்றாடி அறுத்தவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும். இதற்குத் தோதானது வால் இல்லாத, சிறகு மட்டுமே உடம்பான ஃப்ளையிங் விங். முறிய வால் கிடையாது, மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பின்பக்கம் பத்திரமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, புதியவர்களின் விங் எதிராளி மோதி விழுவதில்லை. எறிந்த சில வினாடிகளில் தானாகவே விழுகிறது. அதனால் இங்கே சண்டையை விட அமைப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

சிறகும் சாமான்களும்

120 செ.மீ. அகலமுள்ள ஈபிபி (வளைந்து கொடுக்கும் ஒரு வகை பிளாஸ்டிக்) நுரைச் சிறகை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் வேண்டாம், ஒரே மோதலில் நொறுங்கிவிடும். ஈபிபி நசுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அகலவாக்கில் ஒரு கார்பன் குழாயைப் பதித்து, மேலும் கீழும் இழை கலந்த பேக்கிங் டேப் ஒட்டினால் போதும். முன் விளிம்புக்கு மட்டும் இரண்டு அடுக்கு.

2212 அளவில் 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மோட்டார், 6×3 ப்ரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 3 செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பின் விளிம்பு மடிப்புகளை அசைக்க 9 கிராம் சர்வோ (குட்டி மோட்டார்) இரண்டு. சர்வோவில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், உலோகப் பல்சக்கரம் உள்ளதே வாங்குங்கள். பேட்டரியை நுரைக்குள் குழி வெட்டி முழுதாகப் புதைக்க வேண்டும். பேட்டரிக்கு முன்பக்கம் நாலு விரல் அகலத்துக்காவது நுரை இருக்கட்டும்.

ப்ரொப்பெல்லரில் அளவு அச்சிட்ட முகம் விமானம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் மாட்டுகிறோமே என்று திருப்பி மாட்டிவிடுவார்கள். சத்தம் வரும், போதுமான தள்ளுவிசை வராது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள். இந்தச் சோதனையெல்லாம் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான்.

எடைமையம்

விங் முன்னும் பின்னும் சாயாமல் சமநிலையில் நிற்கும் புள்ளிதான் எடைமையம். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். வால் உள்ள விமானம் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துப் போகும். விங் பொறுக்காது.

ஒரு கணக்கு. நடுவில் சிறகின் ஆழம் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை) 30 செ.மீ., முனையில் 18 செ.மீ., முனையின் முன் விளிம்பு மூக்கிலிருந்து 30 செ.மீ. பின்வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதன் சராசரி ஆழம் 24.5 செ.மீ. வரும். காற்றின் தூக்குவிசை செயல்படும் புள்ளி மூக்கிலிருந்து கிட்டத்தட்ட 20 செ.மீ.யில் விழும். எடைமையம் அதற்கு 2 முதல் 2.5 செ.மீ. முன்னால், அதாவது 17.5 – 18 செ.மீ.யில் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் விங் உங்கள் பேச்சைக் கேட்காது. உங்கள் சிறகின் அளவு வேறு என்றால் கணக்கும் மாறும்.

அந்த இடத்தில் அடிப்பக்கம் இரண்டு புள்ளி வைத்து, இரு விரல்நுனியில் தாங்கிப் பாருங்கள். பின்பக்கம் சாய்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். மூக்கில் ஈயம் ஒட்டுவது கடைசி வழி.

எலிவான்

சிறகின் பின் விளிம்பில் அசையும் இரண்டு மடிப்புகள்தான் ஏறுவதற்கும் திரும்புவதற்கும், இவைதான் எலிவான். டிரான்ஸ்மிட்டரில் இந்த இரண்டு வேலையையும் கலந்து தரும் எலிவான் அல்லது டெல்டா என்ற மிக்ஸிங்கைப் போட்டுவிட்டு, விங்கின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டு மடிப்பும் மேலே வர வேண்டும். வலது பக்கம் தள்ளினால் வலது மடிப்பு மேலே, இடது கீழே. என் முதல் விங்கை நான் மூக்குப் பக்கம் நின்று சரிபார்த்தேன். எனக்கு எதிரே வலதாகத் தெரிந்தது விங்குக்கு இடது. நாலே வினாடி பறந்தது.

ஸ்டிக் நடுவில் இருக்கும்போது இரண்டு மடிப்பும் 2 – 3 மி.மீ. மேலே தூக்கியிருக்கட்டும், வால் செய்யும் வேலையை அதுதான் செய்கிறது. முதல் பறப்புக்கு ஏற்ற இறக்கத்துக்கு 8 மி.மீ., திரும்ப 12 மி.மீ. அசைவு, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபையும் வைத்துவிடுங்கள்.

எறிதல்

முதல் சில தடவை பழகிய ஒருவர் எறியட்டும். காற்றுக்கு எதிரே, மூக்கை லேசாக உயர்த்தி, மோட்டார் ஓடாத நிலையில் எறிந்து, கை விலகிய பிறகே த்ராட்டில் (மோட்டாரை முடுக்கும் ஸ்டிக்). ப்ரொப்பெல்லர் கைக்குப் பின்னால் வருகிறது என்பதை மறந்தால் விரல் போய்விடும்.

இந்தியாவில் பறப்பவர்கள் 2021 ட்ரோன் விதிகளின்படி தங்கள் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி வேண்டும்.

அப்புறம் சண்டை

ஒரு பத்துப் பறப்பாவது தனியாக ஓட்டிவிட்டு வாருங்கள். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, மோதலை எதிர்ப்பக்க வானத்தில் மட்டும் வையுங்கள். தலைக்கு மேல் வந்தால் துரத்தலை விட்டுவிட வேண்டும். மோதியதும் முதல் வேலை த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. சிக்கிய ப்ரொப்பெல்லரை மோட்டார் சுற்றப் பார்த்தால் ஈஎஸ்சி கருகும். இரண்டு விங்கும் விலகிய பிறகு பாதி நேரம் விங் தானே சமாளித்துக்கொள்ளும், அப்போது திரும்ப முடுக்கலாம்.

விழுந்துவிட்டால் எடுக்கப் போகிறவர் டிரான்ஸ்மிட்டரை அணைக்கக் கூடாது. விங்கில் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் அணைப்பது. பேட்டரி உப்பியோ நசுங்கியோ இருந்தால் அதைத் திரும்பச் செருகாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் தனியாக வைத்துவிடுங்கள்.